முதல் ஆணி

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்.

"இப்பத்தானே எழுதினீங்க. உள்ள படுத்திருக்காரே, அவருதான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அவரு இல்லம்மா. வாடகை வீடுன்னு சொன்னீங்கல்ல, அந்த வீட்டுக்காரர். சொந்த வீடு இல்லன்னா அவரு பேரையும் எழுதச் சொல்றாங்க."

"ஓ, ஓனரா" என்று சொல்லி, அவள் கீழ்வீட்டில் இருப்பவரின் பெயரைச் சொன்னாள். தன் புருஷனின் கடைசிப் படிவத்தில் இன்னொருவர் பெயர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளைப் பொறுத்தவரை வீட்டுக்காரர் என்றால் ஒருவர்தான். வாடகை வாங்குகிறவர் ஓனர். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் பதினொரு வீடு மாறியாயிற்று. ஓனர்கள் வந்தார்கள், போனார்கள், வீட்டுக்காரர் மாறவில்லை. சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத மனுஷனை அப்படிக் கூப்பிடுவதில் அவளுக்கு ஒரு குறும்பும் இருந்தது. "எங்க வீட்டுக்காரர்" என்று அவள் யாரிடமாவது சொல்லும்போது, அவர் பக்கத்தில் இருந்தால் "எந்த வீட்டுக்கு?" என்று மெதுவாகக் கேட்பார். பழைய நகைச்சுவைதான். இருந்தாலும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்துவிடும்.

காலை ஆறு பத்துக்கு அவர் போனார். அவள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்தபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தாள். திரையின் அடிமடிப்பு ஒரு முழத்துக்குப் பிரிந்து தொங்கியது. இருபத்தாறு வருஷமாகக் கடையில் ஜன்னல் திரை தைக்கிறவளின் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. அப்புறம்தான் நர்ஸின் முகத்தைப் பார்த்தது. அதற்காக அவள் அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் அவள் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டிருந்தார். "காலைல டாக்டர் வரட்டும், கேட்டுட்டுப் போலாம்" என்றாள். அவர் தலையாட்டினார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். இப்போது டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை. கூட்டிப் போனால் போதும்.

எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரி வாசல் நிறைந்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஈரத் தலையோடு ஓடிவந்தார். தொழில் குழாய் வேலை. அன்றைக்கும் இடுப்பில் அளவு நாடாவும் கையில் ஒரு பையுமாக வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே வந்திருந்தார். அவளைக் கண்டதும் சுவரோரம் போய்த் திரும்பி நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நேத்து வீட்டுக்குப் போகணும்னு கேட்டாருப்பா" என்றாள் அவள்.

"வீட்டுக்குத்தான் அண்ணி கொண்டு போறோம். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. நம்ம பெரிய ஹால்ல வைக்கிறோம். நானூத்திப் பன்னெண்டு குடும்பமும் காத்துட்டிருக்கு."

வீடு என்று செயலாளர் சொன்னது எதை என்று அவளுக்குப் புரிந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு என்பது நாலு பிளாக் கொண்ட குடியிருப்பு. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஏதோ ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. வீட்டு எண்ணிக்கையே பெயராகிவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். தினமும் அறுபது வாசல் ஏறி இறங்குகிறவருக்கு ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பது பாடம். ஒரே அறையில் ஒன்பது பேர் முறை வைத்துத் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவருக்கு வீடு கேட்கிற அந்தக் கிறுக்குப் பிடித்தது. மனு, ஊர்வலம், உண்ணாவிரதம், இரண்டு தடவை உள்ளே, ஒரு தடவை கால் எலும்பு முறிவு. இருபத்திரண்டு வருஷத்தில் நாலு பிளாக் எழுந்தது. கூலிக்காரர்களும் வண்டி இழுக்கிறவர்களும் பாத்திரம் கழுவப் போகிறவர்களும் குறைந்த தவணையில் குடியேறினார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் அவர் ரிப்பன் வெட்ட விடமாட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கூடத்துச் சுவரில் தன் கையால் ஒரு ஆணி அடிப்பார். "இனிமே எத வேணா மாட்டிக்கங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்பார். அவ்வளவுதான் சொற்பொழிவு. வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனர்களின் முதல் சட்டம் அல்லவா. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் முதல் ஆணி அவர் அடித்தது. ஆணித் தலைவர் என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ஆணி இருக்கும். அது குத்திக் குத்திப் பை ஓட்டையாகும். ஒட்டுப் போடுவது அவள் வேலை.

அவர்கள் வீட்டில் மட்டும் ஆணி கிடையாது. முதல் பிளாக் முடிந்தபோது சங்கம் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. பெயர்தான் சுவர்க் கடிகாரம். இந்தப் பதினெட்டு வருஷத்தில் சுவரில் ஏறியதில்லை. அலமாரி மேல், பெட்டி மேல், ஜன்னல் திண்டில் என்று சாய்ந்து நின்றே மணி காட்டியது. ஒவ்வொரு புது வீட்டிலும் அவள் அதைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பார்த்து, "இங்க நல்லா இருக்கும்ல?" என்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வேணாம்மா, அவங்க சுவரு" என்பார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

"ஹாலுக்கு அப்புறம் போலாம். முதல்ல எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. பத்து நிமிஷம் போதும்" என்றாள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போய், பார்க்காமல் விட்டார். "சரி அண்ணி."

ஆஸ்பத்திரி வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது பின்னால் முப்பது நாற்பது இருசக்கர வண்டிகள் வந்தன. ஓனர் வாசலில் நின்றிருந்தார். கேட்டைத் திறந்துதான் வைத்திருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் வரவில்லை என்றால் தானே மோட்டார் போடுகிறவர்.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. படியப் பாருங்க" என்றார்.

வீட்டின் வெளிப்பக்கமாக மாடிக்கு ஏறும் படி அது. பாதியில் ஒரு திருப்பம். குடிவந்த அன்று கட்டிலை நாலு துண்டாகக் கழற்றித்தான் ஏற்றினார்கள். செயலாளர் நாடாவை இழுத்துப் படியின் அகலத்தை அளந்தார். திருப்பத்தில் இன்னொரு தடவை அளந்தார். ஆஸ்பத்திரித் தள்ளுபடுக்கையையும் அளந்தார். நாடாவைச் சுருட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"நிமித்தித்தான் தூக்கணும் அண்ணி. அப்படின்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"வேணாம்" என்றாள்.

"கீழ எங்க ஹால்ல வேணும்னா..." என்று ஓனர் சொல்லிக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுக்கவில்லை. "...இடம் சின்னது" என்று முடித்தார் அவர்.

தெரு முழுக்க ஆள் நின்றது. ஊருக்கே வீடு கேட்ட மனுஷனைத் தூக்கிவைக்க ஒரு படியில் வழி இல்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒரு நல்ல சட்டை எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி அவள் மாடி ஏறினாள்.

அறை, நாலு நாள் முன்னால் அவசரமாகப் பூட்டிவிட்டுப் போனபடியே இருந்தது. கட்டிலில் அவர் பக்கம் கசங்கியிருந்தது. ஜன்னலோரம் அவருடைய நாற்காலி. அதன் முதுகில் துண்டு. கடிகாரம் அலமாரி மேல் சாய்ந்து நின்று ஒன்பது நாற்பது காட்டியது. அவள் ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தாள். வண்டியின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அதற்குள் அவர் இருக்கிறார். இங்கே அவருடைய நாற்காலி இருக்கிறது. நடுவில் பதினேழு படி.

"இவ்வளவுதாங்க வர முடிஞ்சுது" என்று அவள் கூரையிடம் சொன்னாள். சத்தமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இஸ்திரி போட்ட நீலச் சட்டையை எடுத்தபோது பையில் ஏதோ உறுத்தியது. ஒரு ஆணி, துண்டுக் காகிதத்தில் சுற்றி. அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். வண்டி கிளம்பியது.

குடியிருப்பின் பெரிய ஹாலில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மரியாதை என்றால் மரியாதை, குறை சொல்ல முடியாது. மலர்வளையங்கள் வர வர அவர் கண்ணில் படாமல் போய்க்கொண்டிருந்தார். முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூக்கும் நெற்றியும்தான் மிச்சம். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று பார்த்தால் வரிசை முடிகிற மாதிரி இல்லை. யார் யாரோ அவர் காலைத் தொட்டு அழுதார்கள். அவர்கள் அழுகை பொய்யில்லை. அதனாலேயே அவளால் நடுவில் புகுந்து, கொஞ்சம் தள்ளுங்க, எனக்கும் வேணும் என்று சொல்ல முடியவில்லை.

மேடையில் ஒருவர், "ஆணித்தரமா பேசுறவங்க நெறையப் பேரு உண்டு. ஆணியவே கையில எடுத்துட்டு வந்தவரு இவரு ஒருத்தருதான்" என்றார். இன்னொருவர் கட்டப்போகும் ஐந்தாவது பிளாக்குக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். "இந்த வீடெல்லாம் அவரு வீடு" என்றார் மூன்றாமவர். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒன்றுக்குக்கூட என் கையில் சாவி இல்லையே என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

வெயில் ஏறியது. "மயானத்துக்குக் கெளம்ப ரெண்டு மணி ஆகும். எந்த வீட்டுலயாவது கொஞ்சம் படுத்திருங்க அண்ணி" என்றார் செயலாளர்.

அவள் யோசிக்காமல் கேட்டாள். "மூணாவது பிளாக்ல, மூணாவது மாடி, கடைசி வீடு. அதுல இப்ப யாரு இருக்காங்க?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். "எங்க வீடுதான் அக்கா. வாங்க. எம் புருஷன் வாட்ச்மேன், தலைவருக்கு நல்லாத் தெரியும்."

அவளுக்கும் அந்த வீட்டைத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பூச்சு காயாத சமயத்தில் வந்து பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்கும் அவருக்கும் முறை வந்திருந்தது. பட்டியலுக்கான விதியை எழுதியதே அவர்தான்: ஆள் அதிகமுள்ள குடும்பம் முதலில். பிள்ளை இல்லாத இரண்டு பேர் எப்போதும் அடியில்தான் கிடப்பார்கள். அப்படியும் மூன்றாவது பிளாக்கில் கடைசி வீடு அவர்களுக்கு நின்றது. அவள் கடையிலிருந்து நாடாவோடு வந்து ஜன்னலை அளந்தாள். நாலடி அகலம், மூன்றே முக்கால் அடி உயரம். பச்சைத் துணியில் திரை தைத்து மடித்தும் வைத்தாயிற்று. அதற்கு மறுநாள், மூன்று பிள்ளைகளோடு மாடிப்படிக்கு அடியில் குடியிருந்த ஒரு வாட்ச்மேனின் மனு தாமதமாக வந்தது.

"நாம வாங்கிட்டா, தனக்குத்தான் இத்தன நாள் கேட்டான்னு ஒரு பேச்சு வரும். அந்த ஒரு பேச்சுல நாலாவது பிளாக் நின்னுடும்" என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். சரி என்பதால்தான் அவளுக்கு அத்தனை கோபம். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பச்சைத் திரையை வெட்டி வாடகை வீட்டு ஜன்னலுக்குத் தைத்துப் போட்டாள். அதற்குப் பிறகு எந்தச் சாவி நாளுக்கும் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

வாட்ச்மேன் மனைவி பாய் விரித்து, தலையணை போட்டு, மின்விசிறியைச் சுற்றவிட்டாள். ஜன்னலில் ஒரு பழைய போர்வை கயிற்றில் கோணலாகத் தொங்கியது. ஒரு பக்கம் இரண்டு விரல் அளவுக்கு வெயில் உள்ளே வந்தது.

"எங்களுக்குக் கிடைக்க வேண்டியதே இல்ல அக்கா, இந்த வீடு" என்றாள் அந்தப் பெண். "கடைசி நேரத்துல யாரோ வேணாம்னு சொல்லிட்டாங்களாம். யாரு பெத்த பிள்ளைங்களோ, நல்லா இருக்கணும். அப்பப்ப நெனச்சுக்குவேன்."

அவள் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தபடி இருந்தாள். குடித்து முடிக்க நேரம் பிடித்தது.

"அந்தா பாருங்க, தலைவர் அடிச்ச ஆணி." கூடத்துச் சுவரில் ஒரு குடையும் ஒரு சீருடைத் தொப்பியும் ஒரே ஆணியில் தொங்கின. "மொதல்ல பிள்ளைங்க பள்ளிக்கூடப் பை மாட்டினோம். கனத்துல ஆணி பேந்துரும்னு நெனச்சேன். அசையல." அந்தப் பெண் பெருமையாக அதைப் பார்த்துவிட்டு, திரும்பிக் கேட்டாள். "உங்க வீட்டு மொத ஆணில என்ன அக்கா மாட்டியிருக்கீங்க?"

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கடிகாரம்" என்றாள் அவள்.

"அதான பாத்தேன். உங்களுக்கெல்லாம் நேரந்தான முக்கியம்" என்று சொல்லி அந்தப் பெண் அடுப்படிக்குப் போனாள்.

அந்த வீட்டைப் பார்த்தால் பழைய கோபம் திரும்ப வரும் என்று நினைத்துத்தான் அவள் கேட்டு வந்திருந்தாள். கோபமாவது துணைக்கு இருக்குமே. அது வரவில்லை. வாட்ச்மேன் வீட்டு ஜன்னலில் போர்வையைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் வெயில் விழுகிறது, ஆணி மட்டும் அசையவே இல்லை என்று போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. சொன்னால் "அளவு எடுத்தியா?" என்று கேட்பார். அவருடைய பாணியில் அது மன்னிப்புக் கேட்பது. இனிமேல் இதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று முதல் தடவையாக அவள் அழுதாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

மயானத்தில் எல்லாம் முடிய நாலரை ஆயிற்று. நிறையப் பேர் கூப்பிட்டார்கள். எங்க வீட்டுல நாலு நாள் இருங்க, எங்க வீட்டுல தனி ரூம் இருக்கு என்று கையைப் பிடித்தார்கள். "வீட்டுக்குப் போறேன்" என்று எல்லாரிடமும் ஒன்றையே சொன்னாள்.

செயலாளர் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அவருடைய துணிப்பையை நீட்டினார். "அண்ணன் பை. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் சங்க ஆபீஸ்ல வச்சிட்டுப் போனாரு. காலைல குடுக்க மறந்துட்டேன். யாரையாவது துணைக்கு அனுப்பட்டுமா அண்ணி?"

"வேணாம்பா. நீ போய்ச் சாப்பிடு. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

ஓனர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே டீவியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பதினேழு படியும் ஏறினாள். பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு, ஐந்தாவது பிளாக்கின் பட்டியல், அடியில் சுத்தியல். பட்டியலை எடுத்துப் பிரித்தாள். அவர் கையெழுத்து. கடைசி வரிசையில், இரண்டு நபர் என்ற குறிப்போடு, அவர்கள் பெயர். அதற்குக் கீழே இன்னும் இடம் இருந்தது.

அதை மடித்து வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்தாள். பிடி அவர் கைக்குத் தேய்ந்திருந்தது. அவள் கைக்குப் பெரிது. கைப்பையிலிருந்து ஆணியை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், படுத்தபடியே மணி பார்க்கத் தோதான உயரத்தில் விரலால் தடவி ஒரு இடம் பார்த்தாள். கடிகாரத்தை ஒரு கையால் தூக்கி அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, கட்டில் மேல் வைத்தாள்.

"இங்க நல்லா இருக்கும்ல?" என்றாள்.

ஆணியை வைத்து ஒரு அடி அடித்தாள். வெள்ளைச் சுண்ணாம்பு உதிர்ந்து பாதத்தில் விழுந்தது. கீழே டீவியின் சத்தம் குறைந்தது. யாரும் மேலே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. அவள் சுத்தியலை ஓங்கியபடி, நாற்காலிப் பக்கம் திரும்பாமல், கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அடுத்த அடியை அடித்தாள்.